யாரோ ஒரு அம்மா செய்த பாட்டில் ஸ்டாண்டு

பேருதான் மௌனசாமி. வாயைத் திறந்தால் மூட மாட்டார். முதலில் ஒரு வருஷம் பேசாமல் இருந்தாராம், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அந்த வருஷத்துப் பாக்கியைத்தான் இப்போது பேசித் தீர்க்கிறார் என்று துவரங்குறிச்சிப் பக்கம் கேலி செய்வார்கள்.

பைபாஸ் ஓரம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய பைக். சாமியின் சொத்து அவ்வளவுதான். வயது நாற்பதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அரங்கராசனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

அரங்கராசன் முன்பு டவுனில் ஒரு பைக் ஷோரூமில் சேல்ஸ்மேன். டை கட்டி நின்ற ஆள். ஷோரூமை மூடிவிட்டார்கள். வேறு வேலை அமையவில்லை, மனசும் ஒரு நிலையில் இல்லை. காலையில் கொட்டகைக்கு வந்து பெருக்குவார். சாமி போகிற இடமெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவார். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புவார். வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்.

"சாமி, நான், எனதுங்கிற நெனப்பு எப்ப போகும்?"

சாமி ஏதாவது ஒரு கதை சொல்வார். அரங்கராசன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நெனப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் மனைவி கோதைநாயகியால். ஷோரூம் காலத்தில் அரங்கராசன் சாப்பிடும்போதெல்லாம் சொல்வார்: "வண்டியில எல்லாத்தையும் வச்சான். ஒரு தண்ணி பாட்டில் வைக்க எடம் வச்சானா?" அவர் சொல்லி மறந்ததைக் கோதை மறக்கவில்லை. பிளம்பர்கள் வெட்டிப்போடும் பிவிசி குழாய்த் துண்டுகளை வாங்கிவந்தாள். அளவாக அறுத்து, அடியில் மூடி போட்டு, பாட்டில் கடகடவென்று ஆடாமல் இருக்க உள்ளே பழைய சைக்கிள் டியூபை ஒட்டி, ஹேண்டில்பாரில் மாட்ட ஒரு கிளாம்பு வைத்தாள். பைபாஸ் புளியமரத்தடியில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள்.

தூரம் போகிறவர்கள் நிறுத்தி வாங்கினார்கள். கோதை மாட்டிவிட்டுச் சும்மா அனுப்ப மாட்டாள். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வைத்து, ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் விடுவாள். சாமியின் பைக்கிலும் ஒன்று மாட்டிக் கொடுத்திருந்தாள்.

ஒரு நாள் அந்த ஸ்டாண்டின் கிளாம்பு லூசாகி ஆடியது. சாமி உச்சி வெயிலில் மரத்தடிக்கு வண்டியை விட்டார். கோதை குனிந்து முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்தா நாலைந்து பெரிய பைக்குகள் வந்து நிற்க வேண்டும்! ஹெல்மெட்டைக் கழற்றிய ஒருவர், "அட, அரங்கராசனா?" என்றார். பழைய ஷோரூம் மேனேஜர் திவாகர்.

"சார்!" அரங்கராசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

திவாகர் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "என்னய்யா இது, கக்கூஸ் கொழாயை அறுத்துத் தொங்கவிட்டிருக்கு? லட்ச லட்சமாக் குடுத்து வண்டி வாங்குறவன் இதையா மாட்டுவான்? யாரு, தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார். சாமிக்காக நிறுத்துனோம். யாரோ ஒரு அம்மா."

கோதையின் கையில் ஸ்பேனர் நின்றது. பிறகு மறுபடி சுற்றியது. முறுக்கி முடித்து நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. ஹேண்டிலைத் திருப்பிப் பாக்கணும்."

அண்ணே! கல்யாணம் ஆன நாளிலிருந்து 'ஏங்க' என்று கூப்பிட்ட வாய் அது. கட்டின புருஷனை அண்ணே என்று கூப்பிட எந்தப் பொம்பளைக்கு நாக்கு வரும்? கோதைக்கு வந்தது. அவள்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அரங்கராசன் தள்ளி நின்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சாமி வாய் திறக்கவில்லை. பின்னால் இருந்தவருக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது.

"சாமி, ரெண்டு வார்த்தை திட்டிடுங்க."

சாமி வண்டியை ஓட்டினார்.

அன்றைக்கு அரங்கராசன் வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவார்? கொட்டகையிலேயே சுருண்டு கிடந்தார். கண்ணை மூடினால் ஸ்பேனர் நின்ற அந்தக் கை தெரிந்தது. அவமானம் ஆளைத் தின்றது.

காலையில் பார்த்தால் பைக்கில் ஸ்டாண்டு இல்லை. சாமி கையில் இருந்தது.

"ஏன் சாமி கழட்டிட்டீங்க?"

"யாரோ ஒரு அம்மா செஞ்சதாமே. முன்னப்பின்ன தெரியாதவங்க பொருள் நமக்கு எதுக்கு, அரங்கரே? கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"சாமி... அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"தெரியாத அம்மாதான? முழிக்கிறதுல என்ன கஷ்டம்?"

அரங்கராசன் நடந்தார். மரத்தடியில் இரண்டு பேர் ஸ்டாண்டு மாட்ட வண்டியோடு காத்திருந்தார்கள். பக்கத்தில் இளநி விற்கும் பாக்கியம் காய் சீவிக்கொண்டிருந்தாள். கோதை ஒரு குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஸ்டாண்டு ஒடைஞ்சிருச்சா?"

பாக்கியத்தின் அரிவாள் அந்தரத்தில் நின்றது. "ஏண்டி கோதை, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? புருஷனைப் போயி அண்ணேங்குற!"

"என்னைய ஏன் கேக்குற? அவரைக் கேளு."

பாக்கியம் பார்த்தாள். காத்திருந்த இருவரும் பார்த்தார்கள். அரங்கராசனுக்கு அங்கேயிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கையில் ஸ்டாண்டு இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த டியூப் ஓரத்தில், அவள் விரல் பதிந்த பசைத் தடம் அப்படியே காய்ந்திருந்தது.

"நேத்து என் பழைய மேனேஜர் வந்தாரு," என்றார். "தெரிஞ்சவங்களான்னு கேட்டாரு. யாரோ ஒரு அம்மான்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் பாக்கியம்.

"இவ என் பொண்டாட்டி." இந்தத் தடவை காத்திருந்தவர்களைப் பார்த்தே சொன்னார். "இந்தக் கொழாயிலதான் எங்க வீட்டுல சோறு. அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான் மனுஷனே இல்ல."

கோதை குனிந்து மறுபடி அறுக்கத் தொடங்கினாள். ரம்பம் இழுத்த இழுப்பில் குழாய் காலடியிலிருந்து நழுவி உருண்டது. அரங்கராசன் சட்டென்று உட்கார்ந்து அதைப் பிடித்தார். கோதை கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை.

"ஆட்டாமப் புடிங்க," என்றாள்.

அண்ணே இல்லை. 'ஏங்க'வும் இல்லை. அரங்கராசன் ஆட்டாமல் பிடித்தார்.

வெயில் தாழும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். வருகிறவர்களிடம் பாக்கியம் கதையை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் ஆளுக்கு அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளை வெள்ளையாகக் குழாய்த் தூள் சட்டையெல்லாம் படிந்திருந்தது. காது மடல் சிவந்தது சிவந்தபடியே இருந்தது.

சாயங்காலம் சாமி வந்தார், தண்ணி பாட்டிலைக் கையில் பிடித்தபடி, ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு. கோதையிடம், "அம்மா, என் ஸ்டாண்டைத் திரும்ப மாட்டி விடுங்க. கை கடுக்குது," என்றார். கோதை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அரங்கராசன் சாமியின் பக்கத்தில் வந்து தலைகுனிந்து நின்றார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் சாமி. சொன்னா போயிரும்னு நெனச்சேன். நேத்தைவிட இன்னைக்குத்தான் வெக்கம் ஜாஸ்தியா இருக்கு. இது எப்ப போகும்?"

கோதை ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பதையே சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அந்த வெக்கம் எடம் தெரியாம கொழாயைப் பாத்து வந்துச்சு, அரங்கரே. இன்னைக்குத்தான் ஒங்களைப் பாத்து, வீடு வந்து சேர்ந்திருக்கு. வெரட்டாதீங்க, கொஞ்ச நாள் இருக்கட்டும்."