உட்காரச் சொன்ன ஆசான்

"இந்த வருசத்துல இருந்து நான் உக்காரப் போறதில்ல ஆசானே. முடிவு பண்ணிட்டேன்."

தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் சங்கரவடிவு சொன்ன முதல் பேச்சு இது.

அன்று ஜனவரி ஒன்று. தோப்பில் கம்பு சுற்றிப் பழகுகிறவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆசான் திரும்பிப் பார்த்தாள்.

மீசை வைத்த ஒருவரை எதிர்பார்த்து வந்தவள் சங்கரவடிவு. எதிரே நின்ற ஆசான் மரியபுஷ்பத்துக்குச் சங்கரவடிவின் மகனுடைய வயதுகூட இருக்காது.

"உக்காருங்கம்மா" என்றாள் ஆசான்.

சங்கரவடிவுக்குச் சுருக்கென்றது.

"வீட்டுலயும் இதைத்தான் சொல்லுதாங்க. இதுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்?"

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, தகடு வைத்து இரண்டு வருடம் ஆயிற்று. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம், குனியலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் நெல்லையப்பன்தான் விடவில்லை. டிவிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தான். காபி அங்கே வந்தது. சோறு அங்கே வந்தது. எழுந்தால் போதும், வீட்டில் நாலு குரல் கேட்கும். "எங்க போறீங்க? உக்காருங்க!"

ஒரு காலத்தில் ஊர்க் கல்யாணங்களுக்குப் பந்தி விசாரித்தவள். அவள் கண் அசைந்தால் சாம்பார் வாளி ஓடும்.

"உக்காருங்க" என்றாள் ஆசான் மறுபடியும்.

"சேர் எங்க?"

ஆசான் தரையைக் காட்டினாள்.

சங்கரவடிவு தரையைப் பார்த்தாள். முழங்காலை மடக்கிப் பார்த்தாள். பாதியில் உடம்பு நின்றுவிட்டது. தென்னையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியலயே."

"உக்கார முடியாதவங்க, உக்காரமாட்டேன்னு எப்படிச் சொல்லலாம்?"

சங்கரவடிவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் போகவில்லை.

ஆசான் மணல் மூட்டைகளை இழுத்து வந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக, நாற்காலி உயரத்துக்கு அடுக்கினாள். ஊன்றிக்கொள்ள ஒரு சிலம்பக் கம்பைக் கொடுத்தாள்.

"உக்காந்து எந்திரிங்க."

அவ்வளவுதான் பாடம்.

வீட்டில் பெரிய சண்டை.

"இந்த வயசுல உங்களுக்குச் சிலம்பம் கேக்குதா? ஊர் சிரிக்கும்மா" என்றான் நெல்லையப்பன்.

"சிரிக்கட்டும். பல்லு இருக்கிறவன் சிரிக்கிறான்."

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எனக்குத்தானே வலிக்கும்?"

அவள் போய்க்கொண்டே இருந்தாள். சுற்றிலும் கம்புகள் காற்றைக் கிழித்தன. அவள் மட்டும் மூட்டைமேல் உட்கார்ந்தாள், எழுந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

"எல்லாரும் கம்பு சுத்துதாங்க. எனக்கு மட்டும் சாக்கா?"

ஆசான் மேலே இருந்த மூட்டையை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

உயரம் குறைந்தது. அன்று எழுந்திருக்கும்போது தொடை நடுங்கியது.

பழகியபின் இன்னொரு நாள் முனகினாள். "இதெல்லாம் ஒரு வித்தையா?"

இன்னொரு மூட்டை போயிற்று.

மாசியில் காய்ச்சல் வந்தது. அது விட்டதும் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. பிறகு சும்மாவே சில நாள் போகவில்லை. நாற்காலி கூப்பிட்டது, உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்லல?" என்று நெல்லையப்பன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. அன்று எழுந்து தோப்புக்குப் போனாள். பழகுவதற்காக அல்ல, விடைபெறுவதற்காக.

"தொடர்ச்சி விட்டுப்போச்சு ஆசானே. இனி இழுத்துப் பிடிச்சாலும் வராது. அடுத்த ஜனவரி ஒண்ணுக்கு வாரேன். புதுசா ஆரம்பிச்சிருவோம்."

"சரி" என்றாள் மரியபுஷ்பம். "அப்ப இந்த வருசத்தை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

சங்கரவடிவு திரும்பி, மிச்சமிருந்த ஒற்றை மூட்டையைப் பார்த்தாள். அணில் ஒன்று தென்னையில் ஏறி இறங்கியது.

பிறகு பையை ஓரமாக வைத்தாள். கம்பை எடுத்தாள். கடைசி மூட்டையைக் காலால் தள்ளினாள். அது அசையவில்லை. ஆசான் வந்து கூடச் சேர்ந்து தள்ளினாள்.

அன்று அவள் வெறும் மணலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. ஆசான் கை கொடுக்கவில்லை; அவளும் கேட்கவில்லை.

தமிழ் வருசப் பிறப்பான சித்திரை விசு வந்தது.

வீடு நிறைய ஆள். கூடத்தில் நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். மூலையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஸ்டூல், அதன்மேல் தட்டு.

சங்கரவடிவு வரிசையில் ஓர் இலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, உங்களுக்கு அங்க போட்டிருக்கு" என்றான் நெல்லையப்பன்.

"தெரியுது."

"கீழ உக்காந்துட்டா அப்புறம் யாரு தூக்குறது?"

"என்னைத் தூக்க நாலு பேரு வேணும்தான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

அவள் சுவரைத் தொட்டாள், மடங்கினாள், உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்தாள். "என்ன பாக்குறீங்க? சோறு போடுங்க."

இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள். முடிந்ததும் நாலாபக்கமிருந்தும் கைகள் நீண்டன.

"கையை எடுங்க."

ஒருபக்கமாகச் சாய்ந்தாள். இடது உள்ளங்கையை ஊன்றினாள். ஒரு முழங்கால், ஒரு பாதம், ஒரு மூச்சு. எழுந்து நின்றாள்.

யாரோ விசில் அடித்தார்கள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெல்லையப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

மறுநாள் தோப்பில் அதை அப்படியே நடித்துக் காட்டினாள் சங்கரவடிவு. விசிலைக்கூட விடவில்லை. மரியபுஷ்பம் ஒரு புதுக் கம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லது. எந்திரிச்சு எங்கம்மா போனீங்க?"

"கை கழுவப் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம்..."

நடித்துக் காட்டிய கையைக் கீழே இறக்கினாள்.

கை கழுவிவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. மகன் மின்விசிறியைப் போட்டான். விளக்கு வைக்கும் வரை அங்கேதான் இருந்தாள்.

ஆசான் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சங்கரவடிவு பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அது போய்விட்டது.

ரோட்டைக் கடந்தாள். எதிர்த்திசையில் மலைப்பக்கமாக ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டினாள். கம்பியைப் பிடித்து ஏறினாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"இது எதுவரைக்கும் போவும்?" என்று கேட்டாள் சங்கரவடிவு.