நான்கு மணி அழைப்பு

மன்னார்குடிக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளி. ஆண்டு விழாவன்று அங்கே மூன்று ஆசிரியர்கள் ஒரே கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். கேள்வி ஏழாம் வகுப்பு கவிப்பிரியாவைப் பற்றியது. நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் யார் பக்கம் என்று கடைசியில் சொல்லுங்கள்.

கவிப்பிரியாவின் அம்மா சுமதி சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் இரண்டு வருடமாகிறது. பெண் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவின் போனுக்கு அழைப்பு வரும். வீட்டில் எல்லோரும் பேசி முடித்துப் போன் கவிப்பிரியாவின் கைக்கு வரும்போது இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும். சாப்பிட்டியா, படிக்கிறியா என்பதற்குள் அதுவும் தீர்ந்துவிடும். சொல்ல வைத்திருந்ததெல்லாம் திங்கட்கிழமை அவளோடு பள்ளிக்கு வரும்.

யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெஞ்சைத் தள்ளுவாள், கையில் கிடைத்ததை வீசுவாள். வெளியே நிற்க வைத்தார்கள். பெரியம்மாவை வரவழைத்துத் திட்ட வைத்தார்கள். வீசுவது நிற்கவில்லை.

ஜூன் மாதம் மாற்றலாகி வந்த தமயந்தி டீச்சர் முதல் வாரமே அதைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்துபோய்க் கரும்பலகையில் மோதி விழுந்தது. டீச்சர் சத்தம் போடவில்லை. மற்ற பிள்ளைகளைப் பக்கத்து வகுப்புக்கு அனுப்பினார். கவிப்பிரியாவின் எதிரே போய் நிற்காமல் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தார். அவளுக்கு மூச்சு சீராகப் பத்து நிமிடம் ஆயிற்று. அதுவரை எதுவும் கேட்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?"

தலையசைத்தாள். குடித்து முடித்ததும் டீச்சர் சொன்னார்: "அடுத்த தடவை கோவம் வந்தா எழுந்து வராண்டாவுக்குப் போயிடு. என்கிட்ட கேக்க வேணாம். ஆறினதும் உள்ள வா. எதுக்குப் போனேன்னு கேக்க மாட்டேன்."

அதன்பிறகு அவள் தன்னை அடக்கிக்கொள்ளும் நேரங்களை டீச்சர் தவறவிடாமல் கவனித்தார். நல்ல பொண்ணு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. "டஸ்டரை எடுத்தே, எறியாம வெச்சுட்டே. பாத்தேன்" என்பார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். பொங்கல் விடுமுறை வருவதற்குள் வாரம் மூன்று சண்டை என்பது மாதம் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது டீச்சர் ஒரு வாக்குக் கொடுத்தார். "விழா வரைக்கும் யார் மேலயும் கை வெக்காம இரு. வரவேற்புரை உனக்குத்தான். உங்கம்மா அதை என் போன்ல வீடியோவுல பாப்பாங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் தனியா பேசிக்கலாம்."

இங்கே மாலை நான்கு மணி என்றால் சிங்கப்பூரில் ஆறரை. சமையல் நேரம். சுமதி வீட்டுக்கார அம்மாவிடம் நாலைந்து நாள் கெஞ்சி அரை மணி நேரம் வாங்கினாள். தலைமையாசிரியர் கலியபெருமாள் அந்த நிபந்தனையைக் காலை வணக்கக் கூட்டத்தில் பள்ளி முழுவதற்கும் அறிவித்தார்.

இருபத்தொன்பது நாட்கள் கழிந்தன. கவிப்பிரியா யாரையும் தொடவில்லை.

விழாவன்று மதியம், மேடைக்குப் பின்னால் மதுமிதா என்ற வகுப்புத் தோழி அவளிடம், "உங்கம்மா திரும்பி வர மாட்டாங்களாம். அங்கயே இருந்துடுவாங்கன்னு எங்க சித்தி சொன்னாங்க" என்றாள். கவிப்பிரியா அவளைப் பிடித்துத் தள்ளினாள். மதுமிதாவின் முழங்கை சுவரில் உரசி ரத்தம் வந்தது. கவிப்பிரியா அதைப் பார்த்துவிட்டு வராண்டாவுக்கு ஓடினாள். யாரும் போய்ப் புகார் சொல்வதற்கு முன்னால் அவளே ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், நான் மதுவைத் தள்ளிட்டேன்." பிறகு, "அம்மா கூப்பிட்டா எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க. இல்லன்னா நான் வருவேன்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

அப்போது மணி மூன்றேகால்.

"முந்நூறு பிள்ளைங்க முன்னாடி சொன்ன வார்த்தை டீச்சர்" என்றார் கலியபெருமாள். "பேச்சும் கிடையாது, போனும் கிடையாது. அடிபட்ட பிள்ளைக்கு நாம என்ன பதில் சொல்றது?"

ஆங்கில ஆசிரியை சகாயமேரி ஒத்துக்கொள்ளவில்லை. "அவளே வந்து சொல்லியிருக்கா சார். ஒரு நிமிஷத்துக்காக இருபத்தொன்பது நாளையும் இல்லைன்னு ஆக்கிடலாமா? ரெண்டையும் குடுங்க."

தமயந்தி கடைசியாகப் பேசினார். "பேச்சை வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க சார். போன் அவகிட்ட போகட்டும்."

இம்மூவரில் யார் சொன்னது சரி?

விடை: தமயந்தி சொன்னதுதான் சரி. வரவேற்புரை பள்ளி வைத்த பரிசு. நிபந்தனை தவறினால் பள்ளி அதை எடுத்துக்கொள்ளலாம். மதுமிதாவுக்கும் அதுவே பதில். சகாயமேரி சொன்னதிலும் உண்மை உண்டு. தானே வந்து ஒப்புக்கொண்டதைப் பாராட்டாமல் விடக் கூடாது; தமயந்தி பாராட்டினார். ஆனால் அம்மாவைப் பரிசாக வைக்க யாருக்கும் உரிமையில்லை. அப்படி வைத்தது தமயந்தியின் தவறு. அதை அவரே சொன்னார்: "உங்கம்மாவை நான் அந்த நிபந்தனையில சேர்த்திருக்கக் கூடாது கவி. என் தப்பு." நான்கு மணிக்கு மேடையில் வேறொரு பெண் வரவேற்புரை வாசித்தாள். ஆறாம் வகுப்பு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கவிப்பிரியா அம்மாவிடம் முதலில் தான் தள்ளியதைச் சொன்னாள். பிறகு, "நீ அங்கயே இருந்துடுவியாம்மா?" என்று கேட்டாள். "இன்னும் பதினாலு மாசம்டி. எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் சுமதி. மீதி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.