நின்றால் அரைச் சம்பளம்

முன்னொரு காலத்தில், மந்திரிகள் மட்டும் இந்தக் காலத்து ஆட்களைப் போலவே இருந்த ஒரு நாட்டில், வீரகண்டன் என்று ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் வயிறு நிறையச் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது. ராஜாக்களுக்கு அது சாப்பாட்டுக்குப் பிறகுதான் பொங்கும்.

"அரண்மனையில் யார் யாருக்கு என்ன சம்பளம் என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். எல்லா வேலைகளையும் தரம் பிரியுங்கள்!" என்று ஆணையிட்டார்.

பிரதான மந்திரி சூரியநாதர் உடனே ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார். தலைவர் அவர்தான். மற்ற நால்வரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டும் பிரபுக்கள். குழு எட்டு மாதம் ஆலோசித்தது. அதற்குள் அதிரசமும் முறுக்கும் எத்தனை கூடை காலியாயின என்பதை மடைப்பள்ளி மட்டுமே அறியும். கடைசியில் ஒரு நன்னாளில் மந்திரி சபையில் எழுந்தார்.

"பிரபு! நம் சபையில் மரியாதைக்குரியவர் உட்காருகிறார், மற்றவர் நிற்கிறார். இந்தப் புராதன வழக்கத்தையே சட்டமாக்கியிருக்கிறோம். திண்டில் சாய்ந்து வேலை செய்பவர் முதல் தரம், சம்பளம் இரட்டிப்பு. உட்கார்ந்து செய்பவர் நடுத்தரம், பழைய சம்பளம். நின்று செய்பவர் கடைத்தரம், சம்பளத்தில் பாதி குறையும்."

குழுவினர் ஐவரும் திண்டில் சாய்ந்துதான் ஆலோசித்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ராஜாவுக்குப் பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்த பேச்சியின் கை ஒரு கணம் நின்றது. அவள் சம்பளம் மாதம் ஒரு கலம் நெல். வீட்டில் மூன்று பிள்ளைகள், நடமாட முடியாத புருஷன். இனி அரைக் கலம்.

சபையில் விகடகவி இடும்பனும் நின்றுகொண்டிருந்தான். ராஜா அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் மந்திரிக்கு வயிறு எரியும். "விகடகவியாரும் நின்றுதானே பேசுகிறார்? கடைத்தரம்!" என்றார் மந்திரி, பால்பாயசம் குடித்தவர் போல.

இடும்பன் கைகட்டிக் கேட்டான். "ஒரே ஒரு சந்தேகம், பிரபு. ஒருவர் வேலை செய்யும் நிலை மாறினால் தரமும் மாறுமா?"

"அந்தக் கணமே மாறும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்!" என்று மார்தட்டினார் மந்திரி. ராஜாவும் தலையசைத்து, மறுநாள் முத்திரை வைப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.

இடும்பன் நேரே விசிறிக்காரியிடம் போனான்.

"அரைக் கலத்துல அஞ்சு பேரு என்னத்த திங்கிறது சாமி?" என்றாள் பேச்சி. கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு நீ நிக்காத ஆத்தா. மந்திரி மாதிரி வேலை பாரு" என்றான் இடும்பன். அதையே அரண்மனை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் ராஜா கண்விழித்தார். முகம் கழுவத் தண்ணீர் இல்லை. எட்டிப் பார்த்தால், தண்ணீர் இறைப்பவன் கிணற்றடியில் மல்லாந்து, வாளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். சமையற்காரர் கட்டிலில் படுத்தபடியே திருப்பிய தோசை சுவரில் ஒட்டியிருந்தது. கோட்டைக் காவலன் ஈட்டியைப் பக்கத்தில் கிடத்தி, "யாரங்கே?" என்று வானத்தைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தான். சபையில் பேச்சி திண்டில் ஒய்யாரமாகச் சாய்ந்து விசிறினாள். காற்று ராஜாவின் கால் பெருவிரலுக்கு மட்டும் வந்தது. இடும்பனோ அங்கப்பிரதட்சணம் செய்பவன் போல உருண்டே சபைக்குள் வந்து சேர்ந்தான்.

"என்ன கூத்து இது? எழுந்திரு!" என்று கர்ஜித்தார் ராஜா. பசியோடு வெயிலும் சேர்ந்துகொண்டது.

"எழுந்திருக்கலாம், பிரபு. எழுந்தால் கடைத்தரமாகிவிடுவேனே! எல்லோரும் ஒரே இரவில் முதல் தரத்துக்கு உயர்ந்துவிட்டோம். சம்பளம் இரட்டிப்பு. எல்லாம் மந்திரியார் போட்ட பிச்சை" என்றான் இடும்பன்.

மந்திரி துள்ளி எழுந்தார். "ராஜத் துரோகம்! நாங்கள் செய்வது மூளை வேலை. விசிறுவதெல்லாம் ஒரு வேலையா? யார் வேண்டுமானாலும் செய்யலாம்!"

"யார் வேண்டுமானாலுமா? நல்லது. அப்படியானால் இன்று குழுவினரே செய்யட்டும், பிரபு. ஒரு பகல்தானே?" என்றான் இடும்பன்.

ராஜாவுக்கு வியர்த்து வழிந்தது. "செய்யட்டும்!" என்றார்.

மந்திரி கைக்கு விசிறி வந்தது. மற்ற நால்வரில் ஒருவர் கிணற்றுக்கும், ஒருவர் கோட்டை வாசலுக்கும், மீதி இருவர் மடைப்பள்ளிக்கும் போனார்கள். பேச்சி திண்டை விட்டு எழவில்லை.

உச்சிவேளை ஆவதற்குள் மந்திரியின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "பிரபு, சட்டத்தில் ஒரு சிறு திருத்தம். நிற்பவர் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. விசிறி வேலைக்கு இரண்டு கலம் கொடுப்பதே நியாயம்."

"அதற்குக் குழு கூடி ஆலோசிக்க வேண்டாமா?" என்றார் ராஜா.

"வேண்டாம் பிரபு! சம்மதம்!" என்று கிணற்றடியிலிருந்து ஓர் அலறல் வந்தது. கோட்டை வாசலிலிருந்து இன்னொன்று. மடைப்பள்ளிப் புகைக்குள்ளிருந்து இரண்டு. எட்டு மாதத்தில் அந்தக் குழு ஆலோசிக்காமலே எடுத்த முதல் தீர்மானம் அதுதான்.

ராஜா கிரீடம் நழுவும் வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். பிறகு திரும்பி, "பேச்சி, இரண்டு கலம் உனக்குப் போதுமா?" என்று கேட்டார்.

பேச்சி மந்திரியின் கையை ஏற இறங்கப் பார்த்தாள். "அத ஐயாகிட்டயே சாயங்காலம் ஒருக்கா கேளுங்க மவராசா. கை இன்னும் கொஞ்சம் அசந்தா கணக்கு இன்னும் நல்லா வரும்."

சாயங்காலம் கேட்டார்கள். மூன்று கலம் என்றார்.