மூன்றாவது ஈயக்குண்டு

"மீன் எங்கே நிக்குதுன்னே தெரியல" என்றார் கஸ்பார்.

மெற்றில்டா உருகிய ஈயத்தின் மேல் மிதந்த அழுக்கைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை நாளா?"

"இருபத்திரண்டு நாளா வெறும் படகு."

"நான் கடல்ல காலே நனைச்சதில்லையே அண்ணே. என்கிட்ட வந்து கேக்குறீங்க?"

"எல்லாரும் உன்கிட்டதானே கேக்குறாங்க."

அது உண்மைதான். அவள் தூண்டில்களுக்கு ஈயக்குண்டு வார்ப்பவள். அடிபட்டு நசுங்கிய குண்டுகள் மறுபடி உருகுவதற்கு அவளிடமே வந்து சேரும். அவற்றைத் தடவிப் பார்த்து, எந்தப் படகு எப்படிப்பட்ட தரைக்கு மேல் நின்றது என்று சொல்லிவிடுவாள். கஸ்பார் அவளுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பது வருடங்களாகக் கடலுக்குப் போகிறவர்.

அவருடைய ஆட்கள் மூவரும் சனிக்கிழமைவரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மீன் இல்லையென்றால் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். அந்த மூவரில் ஒருவன் ததேயு. கடலில் இறந்துபோன கஸ்பாரின் தம்பி பெர்னார்டின் மகன்.

இன்று வியாழன்.

"சரி, நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க" என்றாள் மெற்றில்டா. "தண்ணி எப்படி?"

"குளுந்து கிடக்கு. நாலு நாளா மேற்கேயிருந்து கச்சான் காத்து விடாம அடிச்சதுல அடித்தண்ணி மேலே வந்திருக்கு."

"நிறம்?"

"கரைப்பக்கம் பச்சை. வெளியே நீலம். ரெண்டும் சேர்ற இடத்துல கோடு போட்ட மாதிரி நுரை."

"அந்தக் கோட்டுல?"

"நெத்திலி மேயும். அதைத் தின்ன பெரிய மீன் வரும். ஆலாப் பறவை கூட்டமா வந்து விழுது."

"நீரோட்டம்?"

"மேற்கேயிருந்து கிழக்கே. பாருல போய் முட்டுது."

பார் என்பது கடலுக்கடியில் குன்று போல் எழுந்து நிற்கும் பாறைத்திட்டு. கரையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம்.

"முட்டுற பக்கத்துல?"

கஸ்பார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்கேதான் மீன் அணையும். செல்போனுக்கு வர்ற மீன்வளச் செய்தியும் அதைத்தான் சொல்லுது. மத்த படகெல்லாம் அங்கே போய் அள்ளிக்கிட்டு வருது."

"அப்புறம் என்ன தெரியல உங்களுக்கு?"

"நமக்கு அங்கே கிடைக்காது."

"போய்ப் பாத்தீங்களா?"

"பாக்க வேண்டாம். தெரியும்."

"இப்பத்தான் தெரியலன்னீங்க."

அவள் மூன்று குண்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி. மூன்று குழிகளிலும் சோப்பை அப்பினாள்.

"சேத்துப் பள்ளத்துல ஒண்ணு, மணல் மேட்டுல ஒண்ணு, பாருல ஒண்ணு. இறக்கித் தூக்குங்க. ஒட்டுறதைக் கழுவாம கொண்டாங்க."

"மீனைக் கேட்டா மண்ணைக் கேக்குறியே."

"மீன்தான் இல்லேன்னுட்டீங்க. மண்ணாவது வரட்டும்."

மறுநாள் மாலை வந்தார். மூன்று குண்டுகளையும் வரிசையாக வைத்தார்.

முதல் குண்டில் கறுப்புச் சேறு. அவள் முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தாள்.

இரண்டாவதில் வெள்ளை மணல், நடுவே சிப்பித்தூள். இடது உள்ளங்கையில் சுரண்டிக்கொண்டாள்.

மூன்றாவதிலும் வெள்ளை மணல், சிப்பித்தூள். வலது உள்ளங்கையில் சுரண்டினாள்.

இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இது எங்கே எடுத்தது?"

"பாருல."

"பாருக்கு மேலேயா?"

"மேலேதான்."

"பாறையில ஏதுண்ணே மண்ணு? சோப்பு நசுங்கி, ஈயம் அடிவாங்கி வரும். இது வார்த்தது வார்த்தபடியே இருக்கு. முப்பது வருஷமா கடலுக்குப் போற ஆளுக்கு நான் சொல்லணுமா?"

கஸ்பார் மூன்றாவது குண்டை எடுத்துத் திருப்பினார். ஒரு கீறல்கூட இல்லை. மணல் மேட்டில் ஒரு குண்டை இறக்கிய கையோடு அதே இடத்தில் அடுத்ததையும் இறக்கியிருந்தார். எந்தக் கடற்கரையிலும் எடுபடாத பொய். எடுபடாது என்று அப்போது தோன்றவே இல்லை என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மெற்றில்டா கைகளைத் தட்டிவிட்டாள்.

"பாருல எப்படி மீன் பிடிப்பீங்க?"

"நங்கூரம் போட்டு நின்னு தூண்டில் இறக்கணும்."

"நங்கூரம் பாறையில சிக்கிட்டா?"

"கயித்தை அறுத்துட்டு வந்துடுவேன்."

"எப்போதிருந்து?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா நீங்க அங்கே போகவே இல்லையே."

கஸ்பார் தரையில் உட்கார்ந்தார்.

"அதுக்கு முன்னாலே?" என்றாள்.

"இறங்கி எடுப்போம். ஒம்பது பாகம், அம்பது அடிக்கு மேல ஆழம். பெர்னார்டு மூச்சடக்கி இறங்குவான். எனக்கு அவ்வளவு மூச்சு கிடையாது."

அவள் அச்சை நேராக்கி வைத்தாள்.

"அன்னைக்குப் படகுல நாங்க ரெண்டு பேர்தான். காத்து மாறிக்கிட்டு இருந்துச்சு. கீழே ஒரே கலக்கல். விட்டுட்டுப் போயிடுவோம்னான். புது நங்கூரம். இறங்குடான்னேன்."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.

"கயிறு ஒருதடவை அசைஞ்சுது. எடுத்துட்டான்னு நினைச்சேன். அவன் மேலே வரவே இல்ல, உடம்பும் கிடைக்கல."

"அவராத்தான் குதிச்சாருன்னு ஊர்ல சொன்னாங்க."

"ஊருக்கு நான்தான் அப்படிச் சொன்னேன்."

மெற்றில்டா எழுந்தாள். அடுப்பிலிருந்து ஈயத்தை எடுத்து அச்சில் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஊற்றி முடித்த பிறகு கேட்டாள்.

"இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

கஸ்பார் அவளைப் பார்த்தார். அவள் அடுத்த அச்சுக்கு மணல் சலிக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் வெளியே வந்தார்.

மற்ற இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ததேயு மட்டும் படகின் நிழலில் உட்கார்ந்து, சிக்கிக் கிடந்த தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

கஸ்பார் அவன் முன்னால் நின்றார். உட்காரலாமா என்று தெரியவில்லை. நின்றபடியே சொன்னார்.

"உங்கப்பன் தானா இறங்கல. நான்தான் இறங்கச் சொன்னேன்."

ததேயுவின் விரல்கள் நிற்கவில்லை.

"தெரியும் பெரியப்பா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. காத்து மாறினா எங்கப்பா கரையோரத் தண்ணியில கிடக்குற வலையை எடுக்கக்கூட இறங்க மாட்டாரு. போனா போகட்டும்பாரு."

"எப்போதிருந்து தெரியும்?"

"அன்னைக்கேயிருந்து."

கஸ்பார் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா மூணு வருஷமா என் படகுல வந்துக்கிட்டிருக்கே?"

"ஆமா."

"மத்த படகுல போயிருந்தா நாலு மீனாவது பாத்திருப்பியேடா. பாருக்கும் போயிருப்பே."

"போயிருப்பேன். அது பெரிய பார், பெரியப்பா. கோவில் மைதானம் மாதிரி நாலு இருக்கும்."

நரம்பில் கடைசிச் சிக்கலை அவிழ்த்து, இழுத்துப் பார்த்து, சுருட்டி வைத்தான். பிறகுதான் நிமிர்ந்தான்.

"அதுல எங்கப்பா கிடக்குற இடம் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்."