மழைமானி சொன்ன பொய்

ஒரு ஊரில் ஒரு தாலுகா ஆபீஸ். அதன் கொல்லைப்புறத்தில், சிமெண்ட் மேடைமேல் ஒரு மழைமானி நின்றான். முழங்கால் உயரத் தகரக் குழாய். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு தகரக் குடுவை. அவ்வளவுதான் ஆள். ஆனால் அந்தத் தாலுகாவில் மழை பெய்ததா இல்லையா என்பதற்கு அவன் ஒருவன்தான் சாட்சி.

சந்தேகப் பிராணி அவன். பின்னே என்ன செய்வான்? ஒரு தடவை வாட்ச்மேன் ஆறிப்போன டீயை அவன் வாயில் கொட்டிவிட்டுப் போக, அது இரண்டு மில்லிமீட்டர் மழையாகச் சென்னைவரைக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து காக்கை பறந்தாலும் முறைப்பான், மேகம் வந்தாலும் முறைப்பான்.

தினமும் காலை எட்டரை மணிக்கு கிளார்க் தெய்வேந்திரன் வந்து, குடுவையில் இருப்பதை அளந்து பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவேட்டுக்குள் சராசரி என்றொருவர் குடியிருந்தார். ஐம்பது வருஷத்து மழையைத் தின்று கொழுத்த ஆசாமி. ஒரு மாதம் இயல்பா, வறட்சியா என்று அவர் சொல்வார். தாசில்தார் கையெழுத்துப் போடுவார்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்து இருபத்தெட்டு நாள் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. முளைத்த உளுந்தெல்லாம் நின்ற இடத்திலேயே கருகியது. இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் வந்தது பாருங்கள் மழை! அம்மாடி, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. இரண்டே மணி நேரம். கருகிய செடியையும் மேல்மண்ணையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கிப் போய்விட்டது.

"நில்லு," என்று மழைமானி ஓயப் போகிற மழையை மறித்தான். "இத்தனை நாளா எங்கே சுத்திட்டு வர்றே? யாரு சொல்லி வந்தே?"

"யாரும் சொல்லலப்பா," என்றது மழை. அதற்கு மூச்சு வாங்கியது. "கடல் கொதிச்சுப்போய்க் கிடக்கு. மனுஷங்க மூட்டின சூடு. ஒரு மாசமா என்னைப் பிடிச்சு வச்சிருந்துட்டு, இன்னிக்கு மொத்தமாத் தள்ளிவிட்டுருச்சு. நின்னு நிதானமாப் பெய்ய எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

"காதுல பூ சுத்தாதே," என்றான் மழைமானி. ஆனாலும் பெய்ததைப் பெய்தபடி அளந்து கொடுத்தான். நூற்று எண்பத்து மூன்று மில்லிமீட்டர்.

சராசரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஐப்பசிக்கு உரியது நூற்று எண்பது. பெய்தது நூற்று எண்பத்து மூன்று. இயல்பு."

"ஐயா, அது ஒரே மத்தியானம் பெய்தது!" என்றான் மழைமானி.

"அதற்கு என்னிடம் கட்டம் இல்லை. எனக்கு மொத்தம் போதும்."

மூன்றாம் நாள் ஓடைக்கரைப்பட்டியிலிருந்து சண்முகவடிவு வந்தாள். கையளவு நிலத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகளைக் கரையேற்றப் பார்க்கிறவள். வறட்சி என்று எழுதினால்தான் சர்க்கார் மறுவிதைப்புக்கு விதை கொடுக்கும். விதைக்காவிட்டால் திருப்பூர் மில்லுக்குப் பிள்ளைகளை அனுப்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

"இயல்புன்னு இருக்கேம்மா," என்றார் தாசில்தார்.

"ஐயா, பச்சப்புள்ளைய மாசம் பூரா பட்டினி போட்டு, கடைசி நாள்ல அண்டாப் பாலைத் தூக்கி வாய்ல ஊத்தினா, புள்ளை பால் குடிச்சதுன்னு எழுதுவீங்களா?"

தாசில்தார் நல்ல மனுஷர்தான். பேனாவை மூடினார். பதிவேட்டையும் மூடினார்.

அவள் நேரே கொல்லைப்புறம் வந்தாள். மழைமானியை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தகரக் குழாய்தானா? உன் வாய்ல எவன் எதைப் போட்டானோ! நீ நல்லாயிருப்பியா?" என்று ஒரு பிடி மண்ணை வாரி அவன்மேல் வீசிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வந்து அவன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். 'எங்கள் ஆட்சியில் வானமும் ஒழுங்காகப் பெய்கிறது' என்று மறுநாள் போஸ்டர். அதைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர் ஓடி வந்தார். அவரும் அவன் பக்கத்திலேயே நின்றார். 'மழைமானியில் மாபெரும் மோசடி' என்று அவர் போஸ்டர்.

ஆயுசுக்கும் எல்லோரையும் சந்தேகப்பட்டவன் மழைமானி. இப்போது ஊரே அவனைச் சந்தேகப்பட்டது. அதுகூடப் போகட்டும். அந்தப் பொம்பளை நின்ற நிலையை அவனால் மறக்க முடியவில்லை. நிஜத்தைச் சொல்லி அவள் சோற்றில் மண் போட்டாயிற்று, ஒரு பொய்யைச் சொல்லித்தான் பார்ப்போமே என்று நினைத்தான்.

குடுவையின் அடியில் பற்றவைத்த இடம் ஒன்று துருப்பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மெல்ல விட்டுக்கொடுத்தான்.

கார்த்திகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதமான தூறல் விழுந்தது. விழுந்ததெல்லாம் அடிவழியே ஒழுகி மண்ணுக்குள் போயிற்று. மாதம் முடிய வெறும் நாலு மில்லிமீட்டர்.

"கடும் பற்றாக்குறை. வறட்சி," என்றார் சராசரி. ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதை வந்தது. வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான் என்று இரண்டு கட்சியும் போஸ்டர் ஒட்டின. சண்முகவடிவு மறுவிதைப்பு போட்டாள். ஈரம் பிடித்து உளுந்து முளைத்து, கொடியும் ஓடியது.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக வானம் பொத்துக்கொண்டது. பத்து மணிக்குள் ஓடைக்கரைப்பட்டிக் கண்மாய் உடைந்தது. உளுந்தின்மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். சண்முகவடிவின் வீட்டுச் சுவர் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து மாடியில் ஏற்றிவிட்டு, நனைந்த சேலையோடு அவள் தாலுகா ஆபீசுக்கு ஓடிவந்தாள்.

ஆபீசுக்குள்ளும் கணுக்கால் தண்ணீர். தாசில்தார் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டிருந்தார். தெய்வேந்திரன் அளந்து எழுதியது மேஜையில் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர்.

"இது வறட்சித் தாலுகா," என்றார் சராசரி, ஓரம் நனைந்த பக்கத்திலிருந்து. "இரண்டு மில்லிமீட்டரில் வெள்ளம் வராது."

"இரண்டு மில்லிமீட்டர்னு எழுதியிருக்கும்மா. நான் எப்படி வெள்ளம்னு அனுப்புறது?" என்றார் தாசில்தார். சொல்லிவிட்டு மிதந்து வந்த செருப்பை எட்டிப் பிடித்தார்.

அவள் கொல்லைப்புறம் வந்தாள். புனலைத் திருகிக் கழற்றினாள். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியிலிருந்து சொட்டியது. விரலால் தடவியவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அடப்பாவி, ஓட்டையா!"

"ஏம்மா, என்ன பண்றே?" பின்னால் தெய்வேந்திரனின் குரல். "ஐயா! ஐயா, இங்க வந்து பாருங்க! கையும் களவுமாப் பிடிச்சாச்சு!"

தாசில்தார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஓஹோ! போன மாசம் வறட்சி வாங்கினது இப்படித்தானா?"

"ஐயா, நான் இப்பத்தான்யா தொட்டேன். என் புள்ளைங்க மேல சத்தியம்."

"நான்தான் செஞ்சேன்! அவ இல்லே! நான்தான்!" என்று மழைமானி கத்தினான். மனுஷர்களுக்கு அது தகரம் அதிர்கிற சத்தம் மாதிரித்தான் கேட்டது.

விஷயம் பரவ எத்தனை நேரம் ஆகும்? ஆளுங்கட்சிக்காரர் வந்தார், எதிர்க்கட்சிக்காரர் வந்தார். ஐப்பசியிலிருந்து அடித்துக்கொண்ட இருவரும் அன்றைக்குத்தான் ஒரே பேச்சுப் பேசினார்கள். இவள் ஒருத்தியாகச் செய்திருக்க மாட்டாள், ஓடைக்கரைப்பட்டி முழுக்க விசாரிக்கவேண்டும் என்றார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. எப்போது ஓட்டை போட்டாய், எதனால் போட்டாய், யார் ஆணி கொடுத்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் குடுவையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

கிழக்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி மழைமானியின் திறந்த வாயில் விழுந்தது.

"என்னப்பா, இத்தனை பேர் நிக்கிறாங்க, ஒருத்தர்கூட அண்ணாந்து பாக்கலியே," என்றது மழை. "நான் ஏன் இப்படி ஆனேன்னு கேக்கத்தான் கூடியிருக்காங்களா?"

"இல்லே," என்றான் மழைமானி. "அவங்களுக்கு ஆள் கிடைச்சாச்சு."