எழுந்து பறந்த மரியாதை

பனியில் ஏரி எது, வானம் எது என்று பரிசல்காரன் மருதையனுக்கே தெரியவில்லை. பரிசலில் ஜமீன்தார் துப்பாக்கியோடு அமர்ந்திருந்தார். வாத்துக் கூட்டம் கண்ணில் பட்டதும், "அறுபது ஊர் அதிபதி வருகிறார், பராக்!" என்று உடன் வந்த அவருடைய கட்டியக்காரன் வழக்கம்போலக் கூவினான். வாத்துகள் கனவு கலைந்தாற்போல எழுந்து பனிக்குள் மறைந்தன. மூன்று முறை இப்படியே ஆயிற்று.

"டேய் மருதையா, அடுத்த தடவை வாத்து உட்கார்ந்திருக்கணும். இல்லேன்னா இனி இந்த ஏரியில உனக்குப் பரிசல் கிடையாது."

பரிசல் போனால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை. மருதையன் துடுப்பை நிறுத்தினான்.

"சாமி, உங்க பேரைக் கேட்ட பிறகும் உட்கார்ந்திருக்க அதுகளுக்கு என்ன துணிச்சல்? மரியாதைக்குத்தான் எந்திரிக்குதுங்க."

ஜமீன்தார் மீசையை நீவினார். "அப்போ சுடுறது எப்படி?"

"பேரைச் சொல்லாம போனா உட்கார்ந்திருக்கும். ஆனா, யாரோ வழிப்போக்கன்னு நினைச்சுக்கும்."

"என்னையா?" ஜமீன்தார் துப்பாக்கியைக் கீழே வைத்தார். பிறகு கட்டியக்காரன் பக்கம் திரும்பினார். "இன்னும் உரக்கச் சொல்லுடா!"

வெயில் ஏறும்வரை கூட்டம் கூட்டமாக வாத்துகள் எழுந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஜமீன்தார் கையை உயர்த்தி ஆசி வழங்கினார்.

கரையில் இறங்கும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல வேட்டை, மருதையா. ஒண்ணுகூட உட்காரலை! நாளைக்கும் பரிசலைக் கொண்டா."