அண்ணாச்சி கம்ப்யூட்டரில் ஓடுவது

ஆலங்குளத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துப் பிழைக்கும் செல்லக்கிளியின் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை வெடித்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் கருக்கிவிட்டது. சாமான்களை வாங்கிப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டலாமென்று திருநெல்வேலிக்கு வந்து, மாசிலாமணி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சாமான் கடையில் ஏறினாள். அவர் வியாபாரிகள் சங்கத் தலைவர். இருந்த இடத்தை விட்டு அசையாமலே வியாபாரம் பார்ப்பவர்.

மற்ற சாமான்களை எடுத்துவைத்த அண்ணாச்சி, கடைசியாகப் பேர் தெரியாத ஒரு பவர் சப்ளையைத் தள்ளினார். தூக்கிப் பார்த்தாள். காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது.

"இது தாங்குமா அண்ணாச்சி?"

"ஏம்மா, சங்கத் தலைவர் கடையிலயே சந்தேகமா? பெட்டியைப் பிரிக்காம இதுல ஒரு குறை இருக்குன்னு நிரூபி, பார்ப்போம். முடியலன்னா பேசாம வாங்கிட்டுப் போ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லக்கிளிக்கு முகம் சுண்டிப்போனது. பவர் சப்ளையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேசையில் ஓடிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது.

"குறையே சொல்லல அண்ணாச்சி. இந்த நல்ல சாமானை நீங்களே உங்க கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிடுங்க. அதுல இருக்கிற பழசைக் கழட்டி எனக்குத் தாங்க. புதுசு விலையே தாரேன்."

அண்ணாச்சி எழுந்தேவிட்டார். "அதுல கைவைக்காதே! கடைக் கணக்கு மொத்தமும் அதுலதான் இருக்கு!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. உள்ளே போய், கனமான வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து செல்லக்கிளி முன்னால் வைத்தார்.

பின்னால் நின்ற ஒரு வாத்தியார், ஏற்கெனவே பில் போட்டு வாங்கியிருந்த அதே மாதிரி லேசான பவர் சப்ளையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, அப்படியே எனக்கும் ஒண்ணு."